அளவுநாடாக் காக்கா

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு கிழக்கிலங்கையில் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் ஒழுங்கைக்கு ஒரு அளவுநாடாக் காக்கா முளைத்தார். கக்கத்தில் ஒரு சொப்பின் பேக். அதற்குள் காணி உறுதியின் பிரதி, பிரதியின் பிரதி. அவருக்குக் கந்தோரில் உத்தியோகம் கிடையாது. ஆனால் கந்தோருக்குப் போகிறவன் அவரைக் கண்டுவிட்டுத்தான் போவான்.

"காக்கா, எனக்குக் கிடைக்குமா?"

முதலில் பிளேன்டி வரவேண்டும்.

"ஊடு கடலிலிரிந்து எத்தின மீட்டர்?"

கிழக்கில் 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்பது அப்போதைய விதி. உள்ளே இருந்தவனுக்கு வேறிடத்தில் வீடு. வெளியே இருந்தவனுக்குக் காசு: முழுச் சேதத்துக்கு 250,000 ரூபாய், அதுவும் நாலு தவணையில், பகுதிச் சேதத்துக்கு 100,000. நாற்பது வீதத்துக்கு மேல் உடைந்தால்தான் முழுச் சேதம். அரைகுறையாக நிற்கும் சுவரைக் கண்டால், "இன்னும் நாலு கல் உழுந்திரிக்கலாமே" என்று மனம் வருந்துவார். நாடாவை விரிக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்.

"காசு வேணுமா, ஊடு வேணுமா? அதச் சொல்லு மனே, பொறகு அளப்பம்."

மெயின் ரோட்டுக்கு மேற்கே கொஞ்சம் போனால் வயல், கிழக்கே கடல். அந்த ஒடுங்கிய ஊரையே உள்ளே, வெளியே என்று காக்கா பிரித்து முடித்தபோது, எல்லை எங்கள் பக்கம் 65 மீட்டராகச் சுருங்கியது. காக்கா ஒருநாள் வெளியே தலைகாட்டவில்லை. மறுநாள், "நான் அப்பவே செல்லல்லியா?" என்றார்.

ஒரே வளவில் உம்மா, கலியாணம் கட்டிய இரண்டு மகள்மார், மூன்று அடுப்பு. போனது ஒரு வீடு என்றது கந்தோர். "கடல் அடுப்ப மூணையும்தானே கொண்டு போன? அடுப்பக் கணக்கெடுக்கச் செல்லுங்க" என்று அனுப்பி வைத்தார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள்.

கடைசியில் அவருடைய படிவம். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரை அழகாக எழுதினார். காணி உறுதி கேட்டார்கள். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவர். உறுதியில் இருந்தது மனைவியின் பெயர்.

"உங்கட பேரில இரிந்தது அந்தச் சைக்கிள் மட்டும்தான்" என்றா அவர் மனைவி. "அதையும் கடல் கொண்டு போயிட்டு."

காக்கா சொப்பின் பேக்கைத் திறந்தார்.

"சைக்கிளுக்கு ஏதும் குடுக்காங்களாமா?"