ஒன்பதாம் வகுப்பு, விசைப்படகுப் பிரிவு

ராமேஸ்வரத்தில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. திங்கள், புதன், சனி மூன்று நாளும் விசைப்படகு கடலுக்குப் போகும். மற்ற நான்கு நாளும் நாட்டுப்படகுக்கு. வலையோடு வலை சிக்கிக் கைகலப்பில் முடியாதிருக்கப் பேசிவைத்தது. 2020-இல் இந்த ஏற்பாடு பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்குள்ளும் நுழைந்தது.

கொரோனா தொற்றால் மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். சில மாதத்தில் பாடம் கைப்பேசிக்கு வந்தது. தீவில் பல வீடுகளில் இருப்பதோ ஒரே கைப்பேசி. அது அப்பாவுடையது. அப்பா கடலில். திங்கட்கிழமை தங்கச்சிமடத்து டீச்சர் வாட்ஸ்அப்பில் பெயர் கூப்பிட்டால் நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் ‘உள்ளேன் டீச்சர்’ போடுவார்கள். மறுநாள் விசைப்படகு கரை திரும்பும், அந்த வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், முதல் கோஷ்டி காணாமல் போகும். முழு வகுப்பும் கூடும் நாள் எது? கணக்கு வாத்தியாருக்கே விடை கிடைக்கவில்லை, டிசம்பர் வரும்வரை. புரெவி புயல் மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனில் கூண்டு ஏற்றினார்கள். எல்லாப் படகும் கரையில், எல்லாக் கைப்பேசியும் வீட்டில். கரண்ட்தான் இல்லை.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. தொற்று வந்தபின் அதுவே பெரிய வகுப்பறை ஆனது. அதில் பாடம் நடத்திய ஆசிரியர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ‘கடைசி பெஞ்சுல என்ன பேச்சு?’ என்று ஒரு தடவைகூடக் கேட்க முடியாமல் எப்படித்தான் அரை மணி நேரம் பேசினார்களோ!

2020 மே மாதம் தமிழக அரசு ஓய்வு வயதை 58-இலிருந்து 59 ஆக்கியது. மாதக் கடைசியில் மாலையும் சால்வையுமாக வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள், பி.டி.எஃப். அனுப்புவது எப்படி என்று பேரனிடம் பாடம் கேட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ‘சத்தம் போடாதே’ என்று அதட்டிவந்தவரிடம் அவன் சொன்னான்: “தாத்தா, உங்க சத்தமே கேக்கல. மியூட்ல இருக்கீங்க.” அடுத்த பிப்ரவரியில் வயது 60 என்று அறிவித்தார்கள். பேரனுக்கும் பணி நீட்டிப்பு.

இதற்கு நடுவே, ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, அனைவரும் தேர்ச்சி என்றார் அன்றைய முதலமைச்சர் பழனிசாமி. மதிப்பெண்ணில் 80 சதவீதம் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து. 20 சதவீதம் வருகைப் பதிவிலிருந்து. மாநிலம் முழுக்க 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்; ஆசிரியர்கள் பழைய விடைத்தாளைத் தேடிப் புறப்பட்டார்கள். திருத்திக் கொடுத்த தாளைப் பத்திரப்படுத்தும் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? நல்ல மார்க் வாங்கிய தாள் சாமி படத்துக்குப் பின்னால் கிடைத்தது. மோசமான தாளை ஒளித்தவனுக்கே ஒளித்த இடம் மறந்துவிட்டது.

சத்துணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் பள்ளியில் கொடுத்த நாட்களில் மட்டும், படகு பேதமின்றி, நூறு சதவீத வருகை.

2021 செப்டம்பர் 1-இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திறந்தன. பிள்ளைகள் பெஞ்சுக்குப் போய்விட, வாட்ஸ்அப் குழுவில் அப்பாக்கள் மிச்சமானார்கள். ஒளிச்சேர்க்கைப் படத்துக்குக் கீழே ஒருவர் குரல் பதிவு போட்டிருந்தார்: கம்பெனிக்காரன் இறால் விலையை அநியாயத்துக்குக் குறைச்சுட்டானாம். அதற்கு டீச்சரின் பதில்: “அப்ப நமக்கு ரெண்டு கிலோ எடுத்து வைங்கண்ணே.”