பௌர்ணமியும் வைஃபையும்

கேள்வி: கிரிவலப் பாதையில் சின்ன விடுதி நடத்துகிறேன். பௌர்ணமி இரவானால் வைஃபை படுத்துவிடுகிறது. ரூட்டரை மாற்றிவிடட்டுமா?
- வாசகர், திருவண்ணாமலை

பதில்: வேண்டாம், காசு மிச்சமாகட்டும்! 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005 முதல் இந்தியாவில் உரிமம் தேவையில்லை. பக்கத்து லாட்ஜ், பௌர்ணமிக்கு வரும் பக்தர்களின் ஹாட்ஸ்பாட், புளூடூத், உங்கள் சமையலறை மைக்ரோவேவ் எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலக் கூட்டம் ஒரே திசையில் போவதால் நகர்கிறது. அலைகளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. இந்த அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. பௌர்ணமி இரவிலேயே வைஃபை அனலைசர் செயலியில் பார்த்து, நெரிசல் குறைந்ததை நீங்களே வையுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அறைகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கொடுங்கள். அது சுவர் தாண்டத் திணறும். அதனாலேயே அடுத்த வீட்டுத் தொல்லையும் குறைவு.

வரவேற்பறைச் சுவரில் பாஸ்வேர்டு ஒட்டியிருந்தால் முதலில் கிழித்துவிடுங்கள், தெருவே உள்ளே வந்துவிடும். போனின் அடையாள எண்ணான மேக் முகவரி பார்த்து ஆளைத் தடுப்பதும் பலிக்காது: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் மாற்று முகவரி காட்டுகின்றன. விருந்தினருக்குக் கெஸ்ட் நெட்வொர்க், வேக வரம்போடு. பில் போடும் கம்ப்யூட்டர் அந்தப் பக்கமே போகக்கூடாது. கூட்டம் கலைந்த மறுநாள் காலை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.