கோட்டைக் காப்போம்

கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் படகேறிப் பார்க்கும் மின்மினிக்கு மலாயில் 'கெலிப்-கெலிப்' என்று பெயர். ஒரு காலத்தில் 'கெலிப்2' என்றெழுதி வேலையை முடித்தார்கள். 1972இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, இரண்டைத் தள்ளிவிட்டு, சொல்லுக்கு நடுவே நிற்கும் சிறு கோட்டுக்கு நிரந்தர உத்தியோகம் கொடுத்தது.

ஆங்கிலம் இப்படி அவசரப்படுவதில்லை. நம் நாட்டின் 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'கோ'வுக்கும் 'ஆப்பரேட்டிவ்'வுக்கும் நடுவே கோடு உண்டு. அதே கூட்டுறவைக் கவனிக்கும் அமைச்சின் பெயரில் கோடு கிடையாது. சட்டம் சற்றுத் தள்ளி நிற்க, அமைச்சு ஒட்டி உறவாடுகிறது. என்ன அருமையான அதிகாரப் பகிர்வு!

2007இல் ஆக்ஸ்ஃபர்டின் ஓர் அகராதி ஏறத்தாழ 16,000 சொற்களிலிருந்து கோட்டைப் பிடுங்கியது. அத்தனையும் குப்பைக்கா போவது? கப்பலில் ஏற்றிக் கோல சிலாங்கூர் கொண்டுவந்து, தோட்டத்து ஆபீஸ்களுக்கு இலவசமாகக் கொடுக்கலாம். அங்கேதான் அவை தேவை: ஒப்பந்தத்தில் மீண்டும் கையெழுத்திடுபவர் 'ரீ-சைன்' என்றெழுத வேண்டும். கிராணி கோட்டை விட்டால் அது 'ரிசைன்', அதாவது ராஜினாமா.

யோசனையை நிர்வாகங்கள் மனமாரப் பாராட்டும். கோடு மட்டும் வேண்டாம் என்பார்கள்: ஆட்குறைப்புக்கு நஷ்டஈடு தரவேண்டும், ராஜினாமாவுக்குத் தர வேண்டியதில்லையே.