‘வேலை முடிந்தது’ என்பதற்கு இலக்கணம்: வீட்டு வேலை எடிட்டர் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

யானைக்கும் பானைக்கும் இலக்கணம் கண்ட ஆய்வுலகம், பானையைத் துலக்குவதற்கு இலக்கணம் காணாமல் நெடுநாள் இருந்துவிட்டது. அக்குறையைப் போக்க முன்வந்தவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார். செயற்கை நுண்ணறிவு முகவர்களின் திறனை வீட்டு வேலையில் சோதிப்பதற்காக 2021-இல் அவர்கள் வெளியிட்ட தொகுதி ‘பிஹேவியர்-100’. அதில் காய்கறி நறுக்குவது முதல் எலிப்பொறி வைப்பது வரை 100 வேலைகள் உள்ளன. அவற்றை எழுதத் தனி எடிட்டர் ஒன்றும் உண்டு. அதன் பயன்பாட்டை ஆவணப்படுத்துவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

வேலையை யார் செய்வது என்ற வினா, குடும்ப நலன் கருதி, இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்படுகிறது.

கருதுகோள்

வீட்டு வேலைக்கு முடிவு என்று ஒன்று உண்டென்றால் அது எடிட்டரில் மட்டுமே உண்டு.

முன்னாய்வுகள்

உலகம் இப்போது இருக்கும் நிலையையும் எட்ட வேண்டிய நிலையையும் எழுதிக் கொடுத்தால், இடைப்பட்ட வழியை இயந்திரமே தேடிக்கொள்ளும் என்ற கோட்பாட்டை 1971-இல் வெளிவந்த ‘ஸ்ட்ரிப்ஸ்’ என்னும் திட்டமிடல் நிரல் நிறுவியது. ஷேக்கி என்னும் ரோபோ பெட்டிகளைத் தள்ளியது இதன் துணையால்தான். 1998-இல் ‘பிடிடிஎல்’ (PDDL) என்ற திட்டமிடல் மொழி வந்தது. அந்த மரபில் வந்ததுதான், எடிட்டரில் வேலைகள் எழுதப்படும் மொழியான ஸ்டான்ஃபோர்டாரின் ‘பிடிடிஎல்’ (BDDL). தமிழில் இரண்டும் ஒன்றே; ஆங்கிலத்தில் முதலெழுத்து மட்டும் வேறு. பெட்டி தள்ளியதிலிருந்து பாத்திரம் கழுவ வர அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. வீட்டு வேலையைத் தள்ளிப்போடுவதில் அறிவியலும் மனித இயல்புக்கு விலக்கன்று.

வேலைகளின் பட்டியலுக்கு அமெரிக்கத் தொழிலாளர் துறையின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு உதவியது. 2022-இல் பட்டியல் 1,000 ஆக விரிந்தபோது, ரோபோ உங்களுக்கு எதைச் செய்ய வேண்டும் என்று 1,461 பேரிடம் கேட்டார்கள். துடைப்பதும் கழுவுவதும் முன்வரிசையில் நின்றன. பரிசுப் பொட்டலம் பிரிப்பதை ரோபோவிடம் விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

எடிட்டரின் அமைப்பு

நிரல் எழுதத் தெரியாதவரும் பயன்படுத்தலாம். வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். தொடக்க நிலை ஒரு பகுதி, இலக்கு நிலை மறு பகுதி. வேலையை எப்படிச் செய்வது என்று எழுத இடமே கிடையாது. அலுவலக மேலாளர்களுக்கு இது பழகிய முறையாதலால் தனிப்பயிற்சி வேண்டியதில்லை.

பகுப்பாய்வு

சான்று ஒன்று: பிரிண்டர் நிறுவுதல். தொடக்கத்தில் பிரிண்டர் தரையில் அணைந்து கிடக்கிறது. இலக்கு இரண்டே கூற்றுகள்: மேசைமேல் இருக்க வேண்டும், இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். மை, தாள், டிரைவர், வைஃபை கடவுச்சொல் எதுவும் இலக்கில் இல்லை. ஒரு பக்கம்கூட அச்சாக வேண்டியதில்லை. விற்பனைக்குப் பிந்தைய சேவையில் இருப்போரும் இவ்வரையறையையே பின்பற்றுகிறார்கள் என்பது ஒப்பாய்வுக்குரியது.

சான்று இரண்டு: வேகவைத்தல். இவ்வேலைகள் நடக்கும் ‘ஐகிப்சன் 2.0’ என்ற கற்பனை வீட்டில், ஒரு பொருள் எப்போதாவது எட்டிய உச்ச வெப்பநிலையே கணக்கு. தனியாக வேறு அளவு குறிக்காத பொருள் 70 பாகையைத் தொட்டால் வெந்தது. 200 பாகையைத் தொட்டால் கருகியது. 200-ஐத் தொட்டது 70-ஐயும் கடந்தே வந்திருக்கும். ஆகவே கருகியதெல்லாம் வெந்ததே. ‘கருகியிருக்கக் கூடாது’ என்று தனிக் கட்டம் சேர்க்காதவரின் இலக்கில் கரிக்கட்டையும் முழு மதிப்பெண் பெறும். ‘வெந்துதானே இருக்கிறது’ என்று வாதாடும் புதுச் சமையல்காரர்களுக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

சான்று மூன்று: அளவைக் கட்டங்கள். எடிட்டரில் ‘ஒவ்வொரு’ என்றொரு கட்டமும் ‘ஏதேனும் ஒரு’ என்றொரு கட்டமும் உண்டு. ‘ஒவ்வொரு தட்டும் கறையற்றது’ என்பது ஒரு வேலை. ‘ஏதேனும் ஒரு தட்டு கறையற்றது’ என்பது வேறொரு வேலை. எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வீடுகளில் இத்தேர்வு நடப்பதில்லை. வேலையைச் சொல்பவர் முதல் கட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறார். செய்பவர் இரண்டாம் கட்டத்தை நிறைவேற்றிவிட்டு நாளிதழை விரிக்கிறார். இல்லறத்தில் மனத்தாங்கல் எனப்படுவது பெரும்பாலும் தருக்கவியல் சிக்கலே என்று இவ்வாய்வு கருதுகிறது.

இன்னொன்று: இலக்கில் எழுதாதது தேர்வில் வராது. தட்டுகள் பளபளக்க, துலக்கிய ஈரத்துணி சாப்பாட்டு மேசையில் கிடந்தாலும் வேலை வெற்றியே. துணியையும் கட்டத்தில் எழுதியவரே அவ்வேலையை என்றாவது செய்தவர்.

முடிவுரை

கருதுகோள் உறுதியாயிற்று. எடிட்டரில் இலக்குக் கூற்றுகள் உண்மையானதும் வேலை முடிகிறது. அந்தத் தட்டில் பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. வீட்டில் இரவே அதே தட்டு கறையோடு திரும்புகிறது. அன்றாடம் அழியும் இலக்கை அன்றாடம் எட்டுவதற்கு இதில் கட்டம் இல்லை. எனினும் கருவியின் பெரும்பயன் வேறு: வேலை தெரியாதவரை அது இலக்குப் பகுதியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே வாசகர்களுக்கு ஒரு பரிந்துரை. ‘சமையலறையை ஒழுங்குபடுத்துதல்’ என்று தாளில் எழுதி, முடிந்தபின் எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்று நிரப்பிப் பாருங்கள். பருப்பு டப்பாவுக்கு மேல் எழுத ஓடவில்லை என்றால், ரோபோ வரும்வரை காத்திராமல் இன்றிரவே களப்பணியைத் தொடங்கலாம்.