புழுவுக்கு வாய்த்த பேராசிரியர்கள்

1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன பிரெஞ்சுச் சிப்பாய்கள் பிரமிடைப் பார்த்தார்கள், ஸ்பிங்க்ஸைப் பார்த்தார்கள், பிறகு சிறுநீரில் ரத்தம் போவதையும் பார்த்தார்கள். படையோடு இருந்த ரெனூ என்ற அறுவை மருத்துவர் தீர யோசித்து, வெயில் அதிகம், வியர்வை அதிகம், அதனால்தான் என்று எழுதிவைத்தார். நோய் பிடிபடாவிட்டால் வெயிலைத் திட்டு என்பது மருத்துவத்தின் பழைய விதி. ஊர்க்காரர்களுக்கோ இது புதிய சங்கதியே இல்லை. 1910இல் ரஃபர் என்பவர் சுமார் 3,000 வயதான மம்மிகளின் சிறுநீரகங்களை ஊறவைத்துப் பார்த்தபோது, உள்ளே அந்த நோயைத் தரும் புழுவின் முட்டைகள் இருந்தன. மம்மிக்குச் சுற்றிய துணிக்குள்ளேயே பத்திரமாகக் காத்திருந்திருக்கின்றன.

புழுவை நேரில் பிடித்தவர் தியோடர் பில்ஹார்ஸ். ஜெர்மன் இளைஞர். கெய்ரோவின் கஸ்ர் எல் ஐனி மருத்துவமனையில் பிணங்களை அறுப்பது வேலை. 1851இல் ஒரு பிணத்தின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் வெள்ளை நூல்மாதிரி ஒன்று நெளிந்தது. ஆண் புழு. அதன் உடம்பு நெடுக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒல்லியாக இன்னொரு புழு. அது பெண்டாட்டி. இந்தத் தம்பதி ஆண்டுக்கணக்கில் பிரிவதே இல்லை. ஆண் சுமக்கிறது, பெண் ஓயாமல் முட்டையிடுகிறது, வீட்டு வாடகை மட்டும் நம் ரத்தம். முள் வைத்த அந்த முட்டைகள் சிறுநீர்ப்பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதுதான் ரத்தமும் கூடவே வருகிறது. பில்ஹார்ஸ் இதையெல்லாம் ஊரிலிருந்த தன் ஆசிரியருக்குக் கடிதமாக எழுதினார். 37 வயதில் டைபஸ் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். நோய்க்கு பில்ஹார்சியா என்று அவர் பெயரையே வைத்தார்கள். சிறுநீரில் ரத்தம் போகும் நோய்க்குத் தன் மகனின் பெயரை வைப்பார்கள் என்று எந்த அம்மா எதிர்பார்த்திருப்பாள்?

சரி, புழு மனிதனுக்குள் எப்படி வருகிறது? இங்கேதான் அர்தூர் லூஸ் வருகிறார். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஆள் படுகெட்டி. கெய்ரோவில் பேராசிரியர். ஒருநாள் கொக்கிப்புழு என்ற வேறொரு புழுவின் குட்டிகள் நீந்திய தண்ணீரைத் தவறிக் கைமேல் சிந்திக்கொண்டார். அரித்தது. சில வாரம் கழித்து அவர் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டை! தோல் வழியாகப் புழு நுழையும் என்று இப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. கைதவறியே கண்டுபிடிப்பு நடத்தும் மனிதருக்குத் தன்மேல் நம்பிக்கை வருவது இயல்புதான். பில்ஹார்சியாவும் அப்படியே நேராக மனிதனுக்குள் போகிறது, புழு வளர இடையில் நத்தையும் கிடையாது கித்தையும் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நத்தைகளில் தேடினாராம், கிடைக்கவில்லையாம். லூஸ் தேடிக் கிடைக்காவிட்டால் அது இல்லை.

லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவருக்கு வேறு சந்தேகம். சில முட்டைகளுக்கு முள் நுனியில், சிலவற்றுக்குப் பக்கவாட்டில். இவை இரண்டு இனமோ? சாம்பன் என்பவர் 1907இல் இரண்டாவது இனத்துக்கு மேன்சனின் பெயரையே வைத்துவிட்டார். லூஸுக்கு வந்ததே கோபம்! பக்கவாட்டு முள் முட்டைகள் ஆண் துணை கிடைக்காத பெண் புழுக்கள் போட்டவை, அவ்வளவுதான் என்றார். லூஸும் சாம்பனும் பக்கம் பக்கமாக ஏசிக்கொண்டார்கள். இதற்கிடையில் நைல் கால்வாய்களில் நத்தைகள் ஒரு தொந்தரவும் இல்லாமல் பெருகின. அணை கட்டி ஆண்டு முழுக்கத் தண்ணீர் விட்டதில் அவற்றுக்கு வாழ்வுதான்.

ஜப்பானில் இதே வகைப் புழுவின் கதை வேறு மாதிரி. கதாயாமா பக்கத்து விவசாயிகள் வயலில் இறங்கினால் கால் அரிக்கும், பிறகு வயிறு வீங்கும் என்று எத்தனையோ காலமாகச் சொல்லிவந்தார்கள். உள்ளூர் வைத்தியர் ஃபுஜீ 1847இலேயே எழுதியும் வைத்தார். படித்த மருத்துவர்கள், குடிக்கிற தண்ணீரில்தான் கோளாறு என்றார்கள். கடைசியில் 1909இல் ஃபுஜினாமி என்ற ஆய்வாளர் மாடுகளை வைத்துப் பஞ்சாயத்து தீர்த்தார். சில மாடுகளுக்கு வாயைக் கட்டினார், சிலவற்றுக்குக் காலுக்கு உறை போட்டார், எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டார். கால் நனைந்த மாடுகளுக்குத்தான் நோய். 1913இல் மியாய்ரியும் சுஸுகியும் புழு வளரும் குட்டி நத்தையையும் பிடித்தார்கள். புழுக்குஞ்சு நத்தைக்குள் போய்ப் பல்கிப் பெருகி, வால் முளைத்து வெளியே வந்து, கிடைத்த காலில் ஏறுகிறது. ஆக, விவசாயி சொன்னது சரி. அவருக்குப் பட்டம் கிடைத்ததா என்று கேட்காதீர்கள்.

எகிப்தில் இதே உண்மை மண்டையில் ஏற ஒரு உலகப்போர் தேவைப்பட்டது. 1914இல் போர் வந்தது. லூஸ் ஜெர்மானியர் என்பதால் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. 1915இல் பிரிட்டிஷ் ராணுவம் ராபர்ட் லீப்பர் என்ற புழு ஆய்வாளரை அனுப்பியது. ஜப்பான் செய்தி தெரிந்தவர். கெய்ரோவை ஒட்டிய எல் மார்க் கிராமத்தில் நத்தை பொறுக்கினார். சில மாதங்களில் வழக்கு முடிந்தது: நத்தை உண்டு, இனம் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி நத்தை. நத்தை இல்லாமல் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கிவைத்தால் புழுக்குஞ்சுகள் செத்துவிடும் என்றும் சிப்பாய்களுக்குச் சொன்னார். லூஸ் பெட்டி தூக்கியதுதான் ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் நிதியுதவி என்பேன்.

அமெரிக்கர் கிளாட் பார்லோவை விட்டால் பாவம். எகிப்தில் நத்தை ஒழிப்பில் இருந்தவர். இந்தப் புழு அமெரிக்க நத்தைகளிலும் குடியேறுமா என்று பார்க்க வேண்டும். அங்கே கொண்டுபோவது எப்படி? 1944இல், 70ஐ நெருங்கும் வயதில், தன் தோலில் புழுக்குஞ்சுகளை விட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். முட்டை வேண்டுமே என்பதற்காக மருந்தை ஒத்திப்போட்டுப் பல மாதம் ரத்தமாகக் கழித்தார். அரசு பதக்கம் கொடுத்தது. சுங்க அதிகாரிகள் பெட்டியைத்தான் சோதித்திருப்பார்கள்.

சிரிக்க முடியாத பகுதியும் உண்டு. 1950களிலிருந்து 80கள் வரை எகிப்து அரசு ஊர் ஊராக ஆன்டிமனி ஊசி போட்டது. கண்ணாடி சிரிஞ்சு, சரியாகக் கொதிக்கவைக்காமல் அடுத்தவருக்கு. புழுவைத் துரத்திய ஊசி ஹெபடைட்டிஸ் சி வைரஸை ஒரு தலைமுறைக்கே ஏற்றிவிட்டது.

இப்போது உள்ள பிராசிக்வான்டெல் மாத்திரைக்கு அந்த ஆபத்து இல்லை. மனஅமைதிக்கு மருந்து தேடிய ஜெர்மன் கம்பெனியில் பிறந்த சரக்கு அது. ஆனால் மாத்திரை தின்ற பையன் மறுநாள் அதே கால்வாயில் குதித்தால் புழு திரும்ப வரும். ஜப்பான் மாத்திரையை நம்பி உட்காரவில்லை. சாப்பிடும் குச்சியால் நத்தை பொறுக்கிக் காசு வாங்கிக்கொள்ளச் சொன்னது, கால்வாய்க்கெல்லாம் சிமென்ட் பூசியது, 1996இல் யாமனாஷியில் கணக்கை முடித்தது. குருமே நகரத்தில், தாங்கள் ஒழித்த நத்தைக்கு நினைவுக்கல்லும் நட்டார்கள். தப்பு புழுவுடையது, தண்டனை நத்தைக்கு என்ற குற்றவுணர்ச்சியாக இருக்கலாம்; மற்ற பல நாடுகளுக்கோ அப்படிக் குற்றவுணர்ச்சி கொள்ளும் நிலையே இன்னும் வரவில்லை.