முத்தியால்பேட்டைப் பரண்: ஓர் இடைக்கால அகழாய்வு அறிக்கை

புதுவை நகரத்து இளம்பெண்களின் புதுப் பொழுதுபோக்குகள் பற்றி இதுவரை நடந்த ஆய்வுகள் யாவும் அடுப்படியில் நின்றபடி வாய்மொழியாக நிகழ்த்தப்பட்டவை. ‘ஆரம்ப சூரத்தனம்’ என்று தொடங்கி அதே சொல்லில் முடிபவை. இம்மரபின் மூத்த அறிஞர் என் அம்மா. அவருடைய கோட்பாடு சுருக்கமானது: வாங்கும் வரைக்கும் ஆசை, வாங்கிய பிறகு பரண். இதில் பிழை காண்பது எளிதல்ல. ஆனால் களச்சான்று எதையும் ஏறிப் பார்க்காமலே நிறுவப்பட்டது என்ற குறை அதற்கு உண்டு. அக்குறையைப் போக்கும் பொருட்டு, போகிக்கு முந்தைய வாரத்தில், முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுப் பரணில் அகழாய்வு மேற்கொள்ளப்பட்டது. அகழ்ந்தவளும் நான், அகழப்பட்டவளும் நான். இதனால் நடுநிலை கெடும் என்போர் உளர். அந்தத் தூசிக்குள் தலையை விட வேறு யாரும் முன்வரவில்லை என்பதே அவர்களுக்கு விடை.

பரணைத் தொல்லியல் களமாகக் கொள்ளலாமா என்று ஐயுறுவோர் உள்ளூர் வரலாறு அறியாதவர்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேடு உலகப் புகழ் பெற்ற களம். அதைத் தோண்டிய மார்ட்டிமர் வீலருக்கு அதன் முதல் துப்பு மண்ணுக்குள் கிடைக்கவில்லை. 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் அலமாரி ஒன்றைத் துழாவியபோது ரோமானிய மதுச்சாடி ஒன்றின் கழுத்து கையில் தட்டுப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், பாண்டிச்சேரி. மறு ஆண்டே இங்கு வந்து குழி போட்டுவிட்டார். அலமாரிக்குள் ரோமாபுரி இருக்கலாம் என்றால் பரணுக்குள் என்னதான் இருக்கக்கூடாது?

காலக்கணிப்பு முறையும் வீலரிடமிருந்தே பெறப்பட்டது. அரிக்கமேட்டில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கு வயது சொல்ல வழியில்லாமல் இருந்தது. அவற்றோடு சேர்ந்து, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பெயரால் வழங்கும் சிவப்புக் கலங்களின் ஓடுகளும் கிடைத்தன. அவை எந்தக் காலத்துச் சரக்கு என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்த விஷயம், கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. வெளியூர்ச் சரக்கின் வயதைக் கொண்டு, பக்கத்தில் கிடந்த உள்ளூர்ச் சரக்கின் வயதைச் சொன்னார் வீலர். எங்கள் பரணில் இந்தப் பணியைக் கூரியர் ஒட்டுச்சீட்டு செய்கிறது. தேதி, ஊர், எடை எல்லாம் அதில் உண்டு. ரோமானியர்களுக்கு இந்தப் பொறுப்பு கிடையாது.

மேலடுக்கு. குரோஷே ஊசி ஒன்று, ஐந்து நிறத்தில் கம்பளி நூல், உள்ளங்கை அளவில் ஒரு சதுரம். சதுரத்தின் மூன்று மூலைகள் பழுதில்லாமல் இருக்கின்றன. நான்காவது மூலையில் நூல் முறுக்கிக்கொண்டு, ஊசி இன்னும் கடைசிக் கண்ணியிலேயே மாட்டி நிற்கிறது. குக்கர் விசிலுக்கு எழுந்து போனவள் திரும்பி வரவில்லை என்று ஊகிக்கலாம். மார்கழியிலும் மின்விசிறி சுற்றும் ஊரில் கம்பளி எதற்கு என்ற வினா, ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இரண்டாம் அடுக்குக்கு ஒட்டுச்சீட்டே தேவைப்படவில்லை. பாதி தீர்ந்த சானிடைசர் புட்டி, துணி முகக்கவசம்: 2020. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே அடுக்கு படிந்த ஆண்டு அது. மெல்பர்னில் தோண்டினாலும் மயிலாப்பூரில் தோண்டினாலும் ரெசின் ஊற்றும் அச்சும், டால்கோனா காபி அடிக்க வாங்கிய சின்ன மத்தும், ரொட்டிக்கு மாவு புளிக்கவைத்த கண்ணாடிச் சாடியும் அகப்படும். மற்ற ஊர்ப் பெண்கள் ரொட்டி சுட்டதற்கு நியாயம் கற்பிக்கலாம். தெருமுனை பேக்கரியில் விடியலிலேயே நீள ரொட்டி அடுக்கி வைக்கும் பாண்டியில், அதே ரொட்டியை வீட்டில் சுட ஒரு வாரம் மாவு வளர்த்தவளின் மனநிலையைத் தனியே ஆராய வேண்டும். ஆயா அப்போது எழுப்பிய கேள்வி இன்றுவரை விடை காணப்படாமல் நிற்கிறது: “ஏன்டி, கட ரொட்டி இன்னா கசக்குதா?”

நடைப்பயிற்சிக் காலணி அடுக்கு மெல்லியது. மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், காலை வரை நடப்பவர்களுக்கே சாலை. நடப்பதற்கு இதைவிட வசதியான நகரம் கிடையாது என்பதையும், ஐஸ்கிரீம் கடைகளும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதையும் பதிவு செய்து மேலே செல்வோம்.

டைரி அடுக்கு அப்படி எளிதில் கடந்து போகக்கூடியது அல்ல. பல ஆண்டு டைரிகள். எல்லாவற்றிலும் ஜனவரி 1 முதல் பொங்கல் வரை எழுத்து, காணும் பொங்கலுக்குப் பிறகு வெள்ளைத் தாள். இந்த ஊரில் நாட்குறிப்பு தொடங்கும் யாருக்கும் ஓர் இடைஞ்சல் உண்டு. அதன் பெயர் ஆனந்தரங்கப்பிள்ளை. 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கியவர், 1761 ஜனவரியில் கண்மூடும் வரை விடவில்லை. கப்பல் வந்தது, துணி விலை ஏறியது, கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன சொன்னார், அவர் மனைவி தமக்கு என்ன குழி பறித்தாள் என எல்லாம் அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்த்தபோது 12 தொகுதி வந்தது. அவர் பெயரில் உள்ள தெருவில்தான் நான் வருடாவருடம் டைரி வாங்குகிறேன். ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவது தவறு என்று தெரிந்தும் ஊர் ஒப்பிடவே செய்கிறது.

ஆயினும் நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு ஒருநாள் போர், மறுநாள் முற்றுகை, இன்னொரு நாள் நவாபின் தூதர் என்று விஷயங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றன. என் ஜனவரி 9 இவ்வாறு உள்ளது: “மேனேஜர் லீவு. டப்பாவில் எலுமிச்சை சாதம்.” இதை வைத்துக்கொண்டு 12 தொகுதி போடுவது பிள்ளைக்கே சிரமம்.

ஆனால் இந்த அடுக்கில்தான் அகழாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஒரு டைரியில், வெற்றுத் தாள்களுக்கு நடுவே, ஆகஸ்ட் 16ஆம் தேதிப் பக்கம் மட்டும் நிறைந்திருக்கிறது. ஊருக்கு விடுமுறை நாள். 1954 நவம்பரிலேயே பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். சுதந்திர தினத்துக்கு மறுநாளும் விடுமுறை விடும் கொடுப்பினை அதனால் வாய்த்தது. பக்கத்தில் எழுதியிருப்பது: “அவள் போயிட்டா. ஏர்போர்ட்ல அழல. பஸ்ல வரும்போதும் அழல. பீச்ல சும்மா உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த பாட்டி ஒண்ணும் கேக்காம அவங்க சுண்டல்ல பாதிய என் கையில கொட்டுனாங்க.”

‘அவள்’ என்பவள் பள்ளித் தோழி. அவள் போனதற்கும் அந்தத் தேதிக்கும் தற்செயலைத் தாண்டிய உறவு உண்டு. 1962இல் இணைப்பு நடந்தபோது, இங்கிருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. தோழியின் தாத்தா எழுதிக் கொடுத்தார். என் தாத்தாவுக்கு அந்த ஆறு மாதமும் வயலில் வேலை இருந்தது. விளைவாக அவள் பாரிசில் இருக்கிறாள், நான் டைரியில் இருக்கிறேன்.

இப்போது, டைரி அடுக்கின் அடியில் கிடந்த பிரெஞ்சுப் பாடநூலைப் பார்க்க வேண்டும். நான்காம் பாடம் வரை பென்சில் கோடு. ஐந்தாம் பாடம் ஒட்டிப் பிரியாத புதுத்தாள். உறையின் ஒட்டுச்சீட்டுத் தேதி ஆகஸ்ட் 21. பாண்டியிலேயே பிறந்து வளர்ந்து, தெருப்பெயர்ப் பலகைகளில் அன்றாடம் பார்த்த மொழியை அதற்கு முன் கற்றுக்கொள்ளத் தோன்றாதவளுக்கு அந்த வாரம் தோன்றியிருக்கிறது.

ஐயம் எழவே, மற்ற ஒட்டுச்சீட்டுகளையும் டைரிகளோடும் குடும்ப நினைவுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தோம். (‘தோம்’ என்பது ஆய்வுக் கட்டுரை மரபு, இருந்தது நான் மட்டும்.) காலணி வாங்கியது, நேர்முகத் தேர்வு முடிவில் என் எண் இல்லாமல் போன வாரம். கம்பளி நூல் வந்தது, பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் “போன் பண்றோம்” என்று சொல்லிப் போய், போன் வராத மாதம். புளித்த மாவு ரொட்டி தாத்தாவின் கருமாதிக்கு அடுத்த வாரம். இருபது பேருக்கு மேல் வரக்கூடாது என்ற காலம் அது, சாவு வீட்டிலும் கை நிறைய வேலை இல்லை. ஆக, பொழுதுபோக்கு வேறொன்றின் முடிவில் பிறக்கிறது. ஒன்று நின்றுபோன இடத்தில் கை எதையாவது பிசைகிறது, பின்னுகிறது, புரட்டுகிறது. அந்த இடம் தூர்ந்துவிட்டால் கைக்கு அங்கே வேலை இல்லை. சாமான் பரணுக்குப் போகிறது. ஆரம்ப சூரத்தனக் கோட்பாட்டினர் முடிக்காததையே எண்ணிக்கொண்டிருந்ததால், தொடங்கிய தேதியைப் பார்க்கத் தவறிவிட்டனர்.

முடிக்காமை பற்றிப் பேசும்போது, இவ்வூரின் முன்னோடி ஒருவரை விடுத்துச் செல்வது நன்றிகெட்ட செயலாகும். கியோம் லெ ழான்தீ, பிரெஞ்சு வானியலர். வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பாண்டிச்சேரியிலிருந்து பார்க்க 1760இல் பிரான்சை விட்டுக் கிளம்பினார். நெருங்கி வந்தால் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. 1761 ஜூனில் கோள் கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார். அங்கிருந்து எடுத்த அளவு எதற்கும் ஆகாது. அடுத்தது எட்டு ஆண்டு கழித்து. காத்திருந்தார். ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்த பின் இங்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை, அந்நேரம் பார்த்து மேகம் கவிந்தது. வேலை முடிந்த கையோடு வெயில் அடித்தது. அதற்கடுத்த முறை 1874இல். 1771இல் நாடு திரும்பியவரை, இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, சொத்துக்குச் சொந்தக்காரர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். இவரை ஆரம்ப சூரர் என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

இந்த லெ ழான்தீ கோளுக்குக் காத்திருந்த நாள்களில் அரிக்கமேட்டுப் பக்கம் போய், ஆற்றோரத்தில் ஊரார் பழங்காலத்துப் பெரிய செங்கற்களைப் பெயர்த்து எடுப்பதையும் பார்த்திருக்கிறார். பின்னால் வந்த வீலரும், சுவர் இருந்த இடத்தில் செங்கல் பறித்த குழிகளையே பல இடங்களில் கண்டார். ரோமானிய வணிகம் நடந்த கட்டடங்கள் யார் யார் வீட்டுச் சுவராகவோ ஆகிவிட்டன. எங்கள் களத்திலும் இதே சூறையாடல் நடந்திருக்கிறது. கொள்ளையர் அடுப்படியிலிருந்து வந்திருக்கிறார்கள். நீர்வண்ணப் பெட்டியில் தூரிகை இல்லை, அது தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிறது. ரெசின் அச்சில் புளிக்கரைசல் உறைகிறது. மாவு வளர்த்த சாடியில் மாவடு ஊறுகிறது. பரணில் உறை மட்டும் இருந்த யோகா பாய், விசாரணையின்போது மொட்டைமாடியில் கண்டெடுக்கப்பட்டது. அதன் மேல் கூழ் வடாம். என் பொழுதுபோக்குகளால் பயனே இல்லை என்று வாதிடுவோரில் முதன்மையானவர், அவற்றால் அதிகம் பயன்பெற்றவரும் ஆவார். ஆய்வுலகில் இது புதிதல்ல.

கன்னிமண் வரை தோண்ட வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூடத்து ஸ்டாம்பு ஆல்பத்துக்குக் கீழே, சுவரோரமாக, மஞ்சள் பையில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. ஒட்டுச்சீட்டு இல்லை, கூரியர்க் காலத்துக்கு முந்தியது. பிரித்தால் ஒயர் கூடை. கரும்பச்சையும் வெள்ளையும். அடிப்பாகம் முடிந்து, பக்கச்சுவர் நான்கு விரல் உயரம் எழும்பி நிற்கிறது. முடிச்சுகள் அத்தனையும் ஒரே அளவு. என்னுடைய எந்த அடுக்கிலும் இந்தத் தேர்ச்சி கிடையாது. பின்னாத ஒயர்கள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருக்க, ஒவ்வொன்றின் நுனியையும் யாரோ மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி வைத்திருக்கிறார்கள், பிரிந்துவிடாமல் இருக்க. எடுத்து வைத்தவள் திரும்ப வருவதாகத்தான் இருந்திருக்கிறாள்.

இக்கண்டுபிடிப்பு மூத்த அறிஞரின் பார்வைக்கு உடனே கொண்டுசெல்லப்பட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“இன்னாடி இது, எங்கிருந்து எடுத்த?”

“அடியில. ஆரம்ப சூரத்தனம்ல இதுவும் சேருமாம்மா?”

“அது ஒண்ணும் பாதியில விட்டது இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு வரைக்கும் பின்னிக்கினுதான் இருந்தேன். அதுக்கப்புறம் நீ எங்க வுட்ட?”

இச்சான்று நம் கருதுகோளுக்குத் துணைவிதி ஒன்றைக் கோருகிறது. ஒன்று முடிகிற இடத்தில் பொழுதுபோக்கு தொடங்கும் என்றோம். ஒன்று தொடங்குகிற இடத்தில் அது முடிவதும் உண்டு போலும். அந்தத் தொடக்கம் நானே என்பதால், இந்தப் பகுதியில் மட்டும் என் நடுநிலையை யாரும் நம்ப வேண்டியதில்லை.

அறிக்கையின் முன்வரைவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதில் மூன்று ஆட்சேபங்கள் வந்தன. ஒன்று, கருமாதி பற்றி ஊருக்கெல்லாம் எழுத வேண்டியதில்லை. இரண்டு, யோகா பாயைக் கழுவித்தான் வடாம் போட்டார். மூன்று, கூடையைப் போகிப் பழசோடு சேர்க்கக்கூடாது. கம்பளியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இரண்டும் மூன்றும் ஏற்கப்பட்டன. கூடை இப்போது பரணிலும் இல்லை, குப்பையிலும் இல்லை, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே கரும்பச்சை ஒயர் பெரிய மார்க்கெட்டில் கிடைக்குமா என்று இருமுறை கேட்டாகிவிட்டது. இதற்கிடையில், எதிர்வீட்டு ஏணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அவர்கள் வீட்டிலும் பரண் இருக்கிறதாம்.