பற்றரிக்குத் தீர்க்காயுசு

நேற்று விடியற்காலை, கல்லடி வீதியில் இருள் முற்றாகப் பிரியாத நேரத்தில், மீன் வாங்குவதற்காகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த என் முன்சக்கரம் அயல்வீட்டுப் பெரியவரொருவரின் முழங்காலுக்கு நான்கு விரற்கடை தூரத்திற் போய் நின்றதென்றால், அதற்குக் காரணம் அவரிடம் விளக்கு இல்லாமை அன்று. இருந்த விளக்கை எரியவிடாமையே. கட்டாரிலுள்ள மகன் அனுப்பிய உயர்ந்த பொருள் அது: வெள்ளிக் கோடுகள் பதித்த பச்சைப் பட்டியும், அதன் நடுவே சிவப்பாய் மினுங்கும் சிறு விளக்கும். அதைத் தோளில் மாட்டி, பனிக்கு அடக்கமாக அதன்மேல் துவாயையும் போர்த்து நின்ற அந்த மகானுபாவர், என் பிரேக்கின் அலறல் அடங்குமுன்பே எனக்கு உபதேசமும் செய்தருளினார்: "பாத்து வா மனே. லைற்றப் போட்டுக்கிட்டே நடந்தா பற்றரி என்னத்துக்கு ஆகும்?"

அவருக்கும் அவரையொத்த சிக்கன சிரோன்மணிகளுக்கும் மூன்றே மூன்று விதிகளைச் சொல்வதென்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். முதலாவது, பட்டி துவாய்க்கு மேலேதான் இருத்தல் வேண்டும். அவ்வெள்ளிக் கோடுகளுக்குச் சொந்தமாகப் பிரகாசம் கிடையாது. அவற்றிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், மேலே விழும் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி, வாகனம் ஓட்டுபவரின் கண்ணிற் சேர்ப்பிக்கின்றன. எதிரே வருபவரிடம் விளக்கு இருந்தாலன்றோ இந்த வித்தை பலிக்கும்? நம் வீதியிலோ அவரும் பற்றரியைச் சேமித்துக்கொண்டுதான் வருகிறார்.

இரண்டாவது விதி பற்றரியைப் பற்றியது. பற்றரியைச் சாகவிடாத நம் சமூகத்தின் சாமர்த்தியத்தை நினைக்குந்தோறும் எனக்குப் பிரமிப்பே மேலிடுகிறது. ரோச் மங்கியதும் நாம் செய்யும் முதற் சிகிச்சை, அதன் பிடரியில் ஓங்கி ஓர் அறை. அந்த அறைக்கு அது சற்றே விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணயருமானால், பின்மூடியைத் திருகி, முன்னிருந்ததைப் பின்னும் பின்னிருந்ததை முன்னுமாக வைப்போம். கந்தோரிலே இரண்டு எழுதுவினைஞர்களை மேசை மாற்றி இருத்தினால் கோப்பு நகர்ந்துவிடுமென்று நம்புவதைப் போன்றதே அது. அதற்கும் மசியாவிட்டால் முற்றத்து வெயிலிலே, பாயில் காயும் கருவாட்டின் பக்கத்தில் ஓர் ஓரமாய் அதற்கும் இடம் ஒதுக்கப்படும். சூடேறியதும் உள்ளிருக்கும் இரசாயனம் கொஞ்சம் வேகங்கொண்டு அற்ப நேரத்துக்கு உயிர்தருவது மெய்யாதலால், இந்த அற்புதத்தைக் கண்ட பரவசத்திலேயே தலைமுறைகள் கழிந்துவிட்டன. மறுகா பல்லின் முறை. இடுப்பிலே கடித்துப் பள்ளம் விழுத்தப்பட்ட பற்றரி, ரோச்சிலிருந்து கௌரவமாக ஓய்வுபெற்றுச் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். கடிகாரம் நின்றதும் ரிமோட்டுக்குப் பதவி இறங்கும். ரிமோட்டும் கைவிட்டபின், "கிடக்கட்டும், எதுக்கும் உதவும்" என்ற ஆசீர்வாதத்தோடு மேசை லாச்சிக்குள் சமாதியடையும். உழைக்க உழைக்க அதன் துத்தநாக உறையே கரைந்து மெலிவதால், அங்கே கிடந்து கசிந்து, பக்கத்திலிருக்கும் புதுப் பற்றரியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் சேர்த்தே நாசமாக்கும். 2022ஆம் ஆண்டு, ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோது, இக்கலையில் மிச்சமிருந்தவர்களும் பட்டம் பெற்றுவிட்டார்கள்.

இந்தப் பழைய வித்தையை, வயிற்றிலே லிதியம் சுமக்கும் புதுவிளக்கிடமும் காட்டப் புறப்படுவதைத்தான் என்னாற் சகிக்க முடியவில்லை. லிதியத்தை வெயிலில் வாட்டினால் வீங்கும், கடித்தால் தீப்பற்றவுங்கூடும். சார்ஜ் பண்ணும் ரகத்தை எரியவிடாமல் அலுமாரியிற் பூட்டினாலோ, அது தானாகவே வடிந்து, அடியோடு வெறுமையாகி, பின்னர் சார்ஜே ஏறாத ஸ்திதியை அடையும்; அவ்வப்போது பாதியளவாவது ஏற்றி வைத்தாலே அது பிழைக்கும். 2032 என்று பொறித்த பொத்தான் பற்றரியைச் சேமிப்பதாக எண்ணிக் கழற்றி யன்னற்கட்டில் வைப்போரும் உளர். 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள அந்தச் சில்லைப் பேரப்பிள்ளை விழுங்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். வாந்தியெடுக்கப் பண்ணாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். போதாக்குறைக்கு நம் உப்புக்காற்று. மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாவிட்டால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்துவிடும். முகத்துவாரத்திலே 1913இல் எழுந்த வெளிச்சவீட்டை அயல்வீட்டுப் பெரியவர் பொறுப்பில் விட்டிருந்தால், கப்பல் தரைதட்டும் சத்தங் கேட்டபின்னரே விளக்கேற்றியிருப்பார்.

என் விளக்கு எப்போதும் எரிகிறது. அதனால் எனக்குக் கிடைத்த மரியாதை, தெரு நாய்கள் யாவும் ஒருமனதாகக் குரைப்பதும், "தேர் வருகுது" என்று சிறுவர்கள் வழிவிடுவதுமே. ஆயினும் மூன்றாவது விதியைச் சொல்ல இனி எனக்குப் பொறுமை இல்லை. கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்திலே வெயிலுக்கு முன் நடந்துவிடலாமென்று இருட்டிலேயே தார்வீதியில் இறங்கி உகந்தை நோக்கிப் போகும் அடியார்களையும், வாவிக்கரையில் உலாவும் கனவான்களையும் கேட்டுக்கொள்வது இவ்வளவே: சுவிச்சைப் போடுங்கள், தீர்ந்ததை வாவியில் எறியாதீர்கள். பற்றரி என்பது தீர்ந்துபோவதற்காகவே செய்யப்பட்ட பொருள். தாராளமாகத் தீரட்டும்.